ஆள் நிறைந்த வீட்டில் பூனைக்குச் சாப்பாடு வைக்கும் முறை

எங்கள் வீட்டில் ஏழு பேர், மூன்று பூனைகள்: செவலை, பொட்டு, குட்டி சிட்டு. ஊர் தூத்துக்குடி. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, கொழுந்தனாருக்குக் கடை, எனக்குப் பள்ளிக்கூடம், பிள்ளைகள் இரண்டுக்கும் பள்ளியும் டியூஷனும். பகலில் வீட்டில் நிலையாக இருப்பவர்கள் அத்தையும் மாமாவும்தான்.

இந்த மாதிரி வீட்டில் பூனைகள் கவனிப்பாரில்லாமல் பட்டினி கிடக்கும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. காலையில் அத்தை பால் பாக்கெட்டை வெட்டும்போது காலைச் சுற்றி வந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் ஷூவைக் கழற்றுவதற்குள் அவரிடம் ஒரு கை. பிள்ளைகள் யூனிஃபார்ம் போடும் அவசரத்தில் ஒரு கை. எல்லாரிடமும் அதே முகம், அதே அழுகை. "அத்தை, செவலை சாப்பிட்டானா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாதே தாயி, உங்க மாமா வச்சிருப்பாவ" என்பார். மாமாவைக் கேட்டால் பேத்தியைக் கை காட்டுவார். கடைசியில் கெட்டிக்காரப் பூனை நாலு வேளை காலைச் சாப்பாடு சாப்பிடும். கூச்சப்படுகிற பூனை ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடாது.

இதற்குப் பல வீடுகளில் "இனிமேல் நான் மட்டும்தான் வைப்பேன்" என்று ஒருவர் பொறுப்பெடுப்பார்கள். அது ஒரு வாரம்கூட ஓடாது. பூனைக்கு ஒரு வாய் வைப்பதில் எல்லாருக்கும் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதைப் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது. காலண்டரில் டிக் அடிக்கும் முறையும் அப்படித்தான்; கையில் மாவோடு நிற்கிறவர் பேனாவைத் தேடுவாரா?

ஆளைக் கட்டுப்படுத்தாதீர்கள், அளவைக் கட்டுப்படுத்துங்கள். எங்கள் வீட்டில் பூனைக்கு ஒன்றாக மூன்று சின்ன எவர்சில்வர் டப்பா. மூடியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. ராத்திரி படுக்கப் போகும் முன் மறுநாளுக்கான தீனி முழுவதையும் எடை போட்டு அதில் போட்டுவிடுவேன். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் அந்த டப்பாவிலிருந்து மட்டும். டப்பா காலி என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். பெரிய மூட்டை என் பீரோவுக்குள். யார் வைத்தார், எப்போது வைத்தார் என்ற விசாரணையே தேவையில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் போதும், மிச்சம் இருக்கிற அளவு பதில் சொல்லிவிடும்.

எவ்வளவு போடுவது?

நாலு கிலோ எடையுள்ள, வளர்ந்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும். நாம் சாப்பிடுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு கொஞ்சம் என்பதை நம்ப மாட்டீர்கள். பாக்கெட்டில் வரும் உலர் தீனியில் பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி இருக்கும். உங்கள் பாக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். அந்தக் கணக்குப்படி தீனி மட்டுமே கொடுத்தால் 55 கிராம், 60 கிராம். கையால் அள்ளினால் இரண்டு கைக்கே முடிந்துவிடும் அளவு இது. அதனால்தான் "ஒரு கை" என்பது ஆபத்தான அளவு. கொழுந்தனாரின் கையும் என் மகளின் கையும் ஒன்றா?

எடை போட சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தெரிந்த கடையில் ஒரு தடவை எடை போட்டு வாங்கி, அதை ஒரு காபி டம்ளரில் கொட்டி, எதுவரை வருகிறதோ அங்கே மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தீனியின் கம்பெனி மாறினால் கோடும் மாறும். சிலது கனமாக இருக்கும், சிலது பொரி போல உப்பியிருக்கும்.

எங்கள் கணக்கு: பொட்டுக்கு மூன்று கிலோ எடை, 40 கிராம். செவலை கருத்தடை செய்த ஆண், பகல் முழுக்கத் தூக்கம், ஐந்தரைக் கிலோ. அவன் இருக்க வேண்டிய எடை நாலரை என்று மருத்துவர் சொன்னதால், அந்த நாலரைக்குக் கணக்குப் பார்த்து 45 கிராம். கருத்தடை செய்த பூனைக்குப் பசி கூடும், ஆனால் தேவை குறையும். முன்பு கொடுத்த அளவையே தொடர்ந்தால் எடை ஏறத்தான் செய்யும். இவை போக ராத்திரி ஆளுக்கு ஒரு கட்டி மீனோ கோழியோ. அதைப் பற்றிப் பிறகு.

குண்டாக இருக்கிறதே என்று ஒரேயடியாகச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். பூனை, அதிலும் பருத்த பூனை, இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுப்போகும். உயிருக்கே ஆபத்து. வாரத்துக்கு எடையில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும். மாதம் ஒருமுறை நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். மெஷின் இல்லாத நாளில் விலாவைத் தடவிப் பாருங்கள். உங்கள் கையை விரித்து வைத்துப் புறங்கை எலும்பைத் தடவினால் எப்படித் தட்டுப்படுகிறதோ, பூனையின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். முஷ்டியை மடக்கினால் விரல் முட்டுகள் துருத்துமே, அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுகிற மாதிரி எதுவுமே அகப்படவில்லை என்றால் டப்பாவைக் குறைக்க வேண்டிய நேரம்.

பால் சோறும் மீன் சோறும்

"நாங்க எல்லாம் பால் சோத்துலயே பூனை வளர்த்தவங்கதான்" என்று அத்தை சொல்வார். உண்மைதான். அந்தப் பூனைகள் பால் சோற்றை நக்கிவிட்டு, மீதி நேரமெல்லாம் எலியும் ஓணானும் தும்பியும் பிடித்துத் தின்றன. அவற்றின் அசல் சாப்பாடு அதுதான். மாடியில் கம்பிவலைக்குள் வளரும் பூனைக்கு அந்த வசதி இல்லை. நாம் வைப்பதுதான் அதற்கு முழு உலகம்.

பூனை கட்டாயம் மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்று ஒரு சத்து. நம் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையின் உடம்பால் போதுமான அளவு முடியாது. மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். கிடைக்காமல் போனால் கண் பார்வை போகும், இதயம் வீங்கித் தளர்ந்துபோகும். 1987இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் பூனைகளின் இதய நோய்க்கு இந்தக் குறைபாடு காரணம் என்று கண்டுபிடித்த பிறகுதான் தீனிக் கம்பெனிகள் டாரினைக் கூட்டின. அதுபோல, கேரட்டிலும் கீரையிலும் இருப்பதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ள நம்மால் முடியும், பூனையால் முடியாது. ஆகவே சைவப் பூனை என்று ஒன்று கிடையாது. நாய்க்கு வாங்கிய தீனியும் ஆகாது. நாய்க்கு டாரின் தேவை வேறு, அதை நம்பிப் பூனையை வளர்க்கக் கூடாது.

அதனால் எங்கள் வீட்டில் அடிப்படைச் சாப்பாடு பாக்கெட் தீனிதான். விலை உயர்ந்ததா குறைந்ததா என்பதைவிட, பாக்கெட்டில் முழுமையான, சமச்சீரான உணவு என்று எழுதியிருக்கிறதா, எந்த வயதுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு மீனும் கோழியும் ஆசைக்கு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி நிற்பது நல்லது. ஈரத் தீனி பவுச் கொடுத்தால் அதையும் கணக்கில் சேருங்கள். ஒரு சின்ன பவுச் ஏறக்குறைய 60, 70 கலோரி இருக்கும், அன்றைக்கு டப்பாவில் 15, 20 கிராம் குறைத்துவிடலாம். புதுத் தீனிக்கு மாறும்போது ஒரு வாரம் பத்து நாள் பழையதோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு கலங்கும், இல்லாவிட்டால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

சரி, மீன். கடல் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு பூனைக்கு மீன் இல்லை என்று சொல்ல எனக்கும் மனசு வராது. வாரம் ஒருநாள் மீன்கார அக்காவிடம் அரைக் கிலோ சாளை. சில வாரம் காரல் கிடைக்கும். அதில் முள் எடுப்பது தண்டனை. பச்சையாகப் போடக் கூடாது. சாளை, நெத்திலி வகை மீன்கள் பலவற்றில் வைட்டமின் பி1ஐ அழிக்கிற ஒரு நொதி இருக்கிறது. பச்சை மீனே தின்று வளரும் பூனைக்கு நாளடைவில் தலை முன்பக்கம் தொங்கும், நடை தள்ளாடும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். இன்னொன்று, எண்ணெய்ச் சத்து அதிகமான சூரை போன்ற மீனையே தினமும் கொடுத்தால் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அழன்று, தொட்டாலே கத்தும். அதனால் மீனும் கோழியும் மாறி மாறி வருவது நல்லது.

செய்முறை இதுதான். சாளையைச் செதில் நீக்கி, தலையும் குடலும் எடுத்து, அலசி, உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் ஒரு கிண்ணத்தில் அடுக்கி, ஒரு கரண்டி தண்ணீர் மட்டும் ஊற்றிக் குக்கரில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாதக் குக்கர் இறங்கியதும் எங்கள் வீட்டில் பூனைக் குக்கர் ஏறும். சும்மா வேகவைக்க ஐந்து நிமிடம் போதும். நான் இருபது, இருபத்தைந்து நிமிடம் விடுகிறேன். அந்த நேரத்துக்குச் சின்ன சாளையின் முள் பஞ்சாகிவிடும். ஆறியபின் தட்டில் எடுத்து, வயிற்றுப் பக்கமாக விரலை விட்டுத் திறந்தால் நடு முள் தலைப் பக்கத்திலிருந்து ஒரே இழுப்பில் வரும், விலா முள்ளும் அதோடு சேர்ந்தே வரும். பிறகு சதையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டே போங்கள். விரலில் குத்துகிறதா, பூனையின் தொண்டையிலும் குத்தும், எடுத்துவிடுங்கள். மாவாக நசுங்கிவிட்டால் விட்டுவிடலாம்.

கிண்ணத்தில் நிற்கிற தண்ணீரைக் கொட்டாதீர்கள். டாரின் தண்ணீரில் கரையும். வேகும்போது கொஞ்சம் அந்தச் சாற்றில் இறங்கிவிடும். சாற்றோடு சேர்த்துப் பிசைந்து ஐஸ் ட்ரேயில் நிரப்பி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு குழி ஒரு பூனைக்கு ஒரு ராத்திரிக்கு. ஏறக்குறைய 15 கிராம் பிடிக்கும். உறைந்ததும் கட்டிகளைத் தட்டி எடுத்து மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளின் குச்சி ஐஸில் சாளை வாசம் வரும், வீட்டில் கலவரம் வரும். கோழியும் இதே முறைதான்: தொடைக் கறி, நாலைந்து இதயம், தோல் வேண்டாம். நெஞ்சுக் கறியைவிடத் தொடையிலும் இதயத்திலும் டாரின் அதிகம். ஈரல் கொஞ்சம் போதும். தினமும் ஈரலே கொடுத்தால் வைட்டமின் ஏ மிஞ்சி எலும்பில் கோளாறு வரும். வெந்த கோழி எலும்பு கூடவே கூடாது, உடைந்தால் ஊசியாகும். கரண்ட் நீண்ட நேரம் போய்க் கட்டிகள் இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காமல் தூக்கிப் போடுங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் கட்டியைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீரில் கிண்ணத்தை நிறுத்தி இளக்கி வைப்பது அத்தையின் வேலை. வேறு யாரும் தொடக் கூடாது. பால் சோற்றை நிறுத்தச் சொன்னதில் அவருக்கு இருந்த மனத்தாங்கல் இந்த உத்தியோகம் வந்ததும் போய்விட்டது. உங்கள் வீட்டிலும் பெரியவர்களிடம் எதையாவது நிறுத்தச் சொல்வதாக இருந்தால் அதற்குப் பதில் அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள்.

பாலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கிற சக்தி குறைந்துவிடும். ஆசையாகக் குடிக்கும், பிறகு அது வெளிக்குப் போகும் மணல் டப்பாவில் தண்ணீராகப் போகும். தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு. ஒரு ஸ்பூன் நக்கினால் குடி முழுகாது. ஆனால் தயிர்ச் சோறு சாப்பாடு ஆகாது.

குழம்பு மீனைக் கழுவிப் போட்டால் என்ன என்று எங்கள் வீட்டுக்கு வரும் எல்லாரும் கேட்கிறார்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்தது, பச்சை, பொடி, சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் எல்லாம் ஒன்றுதான். குழம்பில் கொதித்த மீனுக்குள் சாறு ஏறியிருக்கும், மேலே கழுவி என்ன பயன்? பூனைக்கு எடுக்க வேண்டியதை மசாலா தடவும் முன்பே எடுத்துவிட வேண்டும். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் வேண்டாம். கருவாடு உப்பு. அப்புறம், சாப்பாடு இல்லைதான், ஆனாலும் இங்கேயே சொல்கிறேன்: காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கால் மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம், கொன்றுவிடும்.

புரட்டாசிச் சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் எங்கள் அடுப்படியில் மீன் ஏறாது. பூனைக்கு விரதம் இல்லை, டப்பாத் தீனி இருக்கிறது. கட்டிக்குப் பதிலாக அதில் ஐந்து கிராம் கூட்டிவிடுவேன், அவ்வளவுதான்.

எறும்பு

வேறு நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் எறும்பு வரவே வராது. நம் ஊரில் பாதிப் பிரச்சினை அதுதான். தட்டை வைத்துத் திரும்புவதற்குள் சித்தெறும்பு வரிசை கட்டும், பூனை மோந்துவிட்டுப் பின்வாங்கும், அடுத்து "என் பூனை சாப்பிடவே மாட்டேங்குது" என்று நாம் கவலைப்படுவோம். எறும்புச் சாக்கட்டியால் சுற்றிக் கோடு கிழிப்பதோ எறும்புப் பொடி தூவுவதோ வேண்டாம். அதில் இருக்கும் பூச்சிக்கொல்லி பூனைக்கு நம்மைவிடப் பல மடங்கு ஆகாது. காலில் ஒட்டும், காலை நக்கும், உள்ளே போய்விடும். நம் பாட்டிமார் சர்க்கரை டப்பாவுக்குச் செய்த வேலைதான் சரி: அகலத் தட்டில் ஒரு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தை வையுங்கள். கிண்ணம் தட்டின் ஓரத்தைத் தொடக் கூடாது, தொட்டால் பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டை வைக்கும்.

கிண்ணம் எவர்சில்வரில் அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கீறல் விழுந்து அழுக்குப் பிடிக்கும், சில பூனைகளுக்குத் தாடையில் கரும்பொட்டுகள் வரும். ஈரச் சாப்பாட்டை நம் ஊர் வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் விட்டு வைக்காதீர்கள். வாங்கிய மூட்டையை அப்படியே டின்னுக்குள் இறக்கி மூடினால் பூச்சியும் வராது, தேதியும் தொலையாது. முற்றத்தில் வைத்தால் பாதி காக்காவுக்கு, மீதி தெருக் கடுவனுக்கு. வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும்.

மூன்று பூனை, மூன்று இடம்

ஒரே தட்டில் மூன்றும் முகம் வைத்துச் சாப்பிடுகிற போட்டோ அழகாக இருக்கும். உள்ளே நடப்பது வேறு. பூனை தனியாக வேட்டையாடித் தனியாகச் சாப்பிடும் பிராணி. பக்கத்தில் இன்னொன்று நின்றால் பலசாலி அவசரமாக விழுங்கி வாந்தி எடுக்கும், பயந்தது "எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கும். எங்கள் செவலை அடுப்படி வாசலில், பொட்டு ஹாலில் தையல் மெஷின் மேல், குட்டி சிட்டு பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு. ஒன்று சாப்பிடுவது மற்றொன்றின் கண்ணில் படாமல் இருப்பது முக்கியம். கால் மணி நேரம் கழித்து மூன்று தட்டையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை அதனதன் டப்பாவிலேயே திருப்பிப் போட்டுவிடுவோம். தட்டு தரையிலேயே கிடந்தால் இந்த டப்பாக் கணக்கு செல்லாது.

செவலை தீனியை மெல்லுவதே இல்லை, இறக்குவான். அவனுக்குக் கிண்ணம் கிடையாது. பழைய தாம்பாளத்தில் பரப்பிவிடுகிறோம். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கவே நேரம் பிடிக்கிறது. வாந்தி நின்றது.

நேரத்தைப் பொறுத்தவரை காலை, சாயங்காலம், ராத்திரி என்று மூன்று வேளை எங்களுக்குச் சரியாக வருகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: நீங்கள் கண் விழித்ததும் முதல் வேலையாகச் சாப்பாடு வைக்காதீர்கள். உங்களை எழுப்பினால் சோறு வரும் என்று கற்றுக்கொள்ளும், அப்புறம் நாலரை மணிக்கே மூக்கைக் கடிக்கும். கோலம் போட்டு, காபி குடித்து, பிறகு வைக்க வேண்டும். ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கும் இதே சட்டம். வந்ததும் கொஞ்சலாம், குளித்துவிட்டு வந்து வைக்கலாம்.

தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வைத்தால் பல பூனைகள் கூடுதலாகக் குடிக்கும். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். நாலு கிலோ பூனைக்கு, சாப்பாட்டில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, நாளைக்கு 200 மில்லி அளவுக்குத் தண்ணீர் தேவை. பாக்கெட் தீனியில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம் என்பதால் மீதியைக் குடித்தே ஆக வேண்டும். ராத்திரி மீன் கட்டியில் இரண்டு ஸ்பூன் வெந்நீர் கலந்து கஞ்சி பதத்தில் வைப்பது இதற்காகத்தான்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் கவனிக்க: மணல் டப்பாவில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டு மூத்திரம்கூட வரவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். பலர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அடைப்பு ஒரு நாள், இரண்டு நாளில் உயிரைக் கொண்டுபோய்விடும். எங்கள் பக்கத்தில் பெரிய வைத்தியம் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. உங்கள் ஊருக்கு எது பக்கம் என்பதை முன்னாலேயே விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். வளர்ந்த பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் போன் செய்ய வேண்டும். குட்டிக்கு அரை நாளே அதிகம். டப்பா முறையில் இன்னொரு லாபம் இதுதான்: ராத்திரி டப்பா நிறைந்தே இருந்தால் பூனைக்கு ஏதோ சரியில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மற்ற வீடுகளில் மூன்றாம் நாள்தான் தெரியும்.

குட்டி இருக்கும் வீடு

ஆறு மாதம் வரை குட்டிக்கு நாளைக்கு மூன்று, நாலு வேளை வேண்டும், குட்டிக்கென்று விற்கும் தீனியே வேண்டும். வளர்கிற உடம்பு, பாக்கெட்டில் எடைக்கு ஏற்றபடி போட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள், பெரிய பூனைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. பிறந்து நாலு வாரத்தில் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாகக் காட்ட ஆரம்பிக்கலாம். தாயில்லாத குட்டியைத் தெருவில் கண்டெடுத்தால் பசும்பால் ஊற்றாமல், பூனைக்குட்டிக்கான பால் பவுடரை வாங்குங்கள். கவிழ்ந்து படுத்த நிலையில்தான் புகட்ட வேண்டும், குழந்தையைப் போல் மல்லாத்தினால் நுரையீரலுக்குள் போகும். பூச்சி மருந்தை மருத்துவர் சொல்லும் தேதிகளில் கொடுங்கள். வயிறு மட்டும் பானையாக இருந்து முதுகெலும்பு தெரிந்தால் சாப்பாட்டைக் கூட்டிப் பயனில்லை, பூச்சிதான் சாப்பிடுகிறது.

விருந்தாளி, வெளியூர்

பொங்கலுக்கு வீடு நிறையும். பிள்ளைகள் பூனைக்கு முறுக்கு ஊட்டும், பெரியவர்கள் இலையிலிருந்து ஒரு துண்டு எறிவார்கள். யாரிடமும் சண்டை போட முடியாது. அந்த நாட்களில் டப்பாக்களை நான் சமையல் மேடையிலிருந்து எடுத்து ஹாலில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துவிடுவேன். "சித்தி, நான் வைக்கட்டுமா?" என்று கேட்கும் குழந்தையிடம் டப்பாவைக் கொடுத்தால் போதும், முறுக்கு மறந்துவிடும். பொட்டு மட்டும் கூட்டத்தைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அவளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் மணல் டப்பாவும் மாடி அறையில், கதவைச் சாத்தி.

திருச்செந்தூருக்கோ கல்யாணத்துக்கோ எல்லாருமாகக் கிளம்பினால், ஒரு பெரிய கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். முதல் நாளே செவலை மூன்று நாள் சாப்பாட்டையும் முடித்துவிடுவான். எதிர்வீட்டு மதினியிடம் சாவி கொடுப்போம். நாளுக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று என்று சின்னப் பாலிதீன் கவரில் எடை போட்டுக் கட்டி, மேலே பெயரும் கிழமையும் எழுதி வைப்பேன். மீன் கட்டி வேண்டாம், அவருக்கு அந்த வாசம் ஆகாது. எந்தப் பூனைக்கு எந்த இடம் என்று ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கும். மூத்திரம் போகிறதா என்று மணல் டப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள், மருத்துவர் எண்ணையும் ஆட்டோக்காரர் எண்ணையும் சாவியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.